கேண்டீனுக்கு ஐந்து மார்க்

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு வாத்தியார் ஒழுங்காகப் பாடம் நடத்துகிறாரா இல்லையா என்று பிசகில்லாமல் சொல்லத் தெரிந்த மனிதர் பெங்களூரிலேயே ஒருவர்தான் இருந்தார். அவருக்கும் கல்வித்துறைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஹெப்பகோடி பக்கம் ஒரு கம்பெனியில் போல்ட்டுகளைப் பரிசோதிக்கிற வேலை. அதனால் குவாலிட்டி கன்ட்ரோலைச் சுருக்கி, அவரை எல்லோரும் க்யூ.சி. என்றுதான் கூப்பிட்டோம். வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

விவேக் நகரில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் நிலையத்தில் நான் அப்போது மாஸ்டர். பி.ஏ. முடித்த சூடு ஆறவில்லை. எங்கள் வம்சத்தில் படிப்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்குள் போனவன் நான்தான். அப்பா போனது சுண்ணாம்பு அடிக்க. "என் பையன் மாஸ்டராயிட்டான்" என்று நீலசந்திராவில் அவர் சொல்லாத வீடு இல்லை. வேலை உறுதியாவதற்கு இன்னும் மூன்று மாதம் போக வேண்டும் என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. உறுதியாகாவிட்டால் அப்பாவோடு பெயிண்ட் வாளி தூக்க வேண்டியதுதான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் ஊரைக் கூட்டிச் சொன்ன அப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

என் தலையெழுத்து ஒரு ஃபாரத்தில் இருந்தது. நிலையத்தை நடத்தியவர் தனக்குத் தானே டைரக்டர் என்று பட்டம் கொடுத்துக்கொண்டவர். இருந்தது ஒரே அறை, முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சுழல் நாற்காலி. ஏதோ பெரிய கம்பெனியின் கருத்துப் படிவத்தை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார். மாதக் கடைசியில் மாணவர்கள் அதில் ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். மாஸ்டரின் விளக்கும் திறன் எப்படி? ஏ.சி. எப்படி? கேண்டீன் உணவு எப்படி?

எங்களிடம் ஏ.சி. கிடையாது. கேண்டீனும் கிடையாது. கார்மென்ட்ஸ் தையல்காரர்கள், கூரியர்காரர்கள், ஒரு நர்ஸம்மா என்று என் வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் நல்ல மனசுக்காரர்கள். மேலிருந்து கீழ்வரை ஐந்து, ஐந்து, ஐந்து என்று போட்டுக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். முதல் மாதம் எனக்கும் அந்த இல்லாத கேண்டீனுக்கும் ஏறக்குறைய ஒரே மார்க். நான் அதைப் பெருமையாக வீட்டில் வேறு சொன்னேன்.

க்யூ.சி.யின் ஃபாரம் மட்டும் தனி. ஏ.சி.க்கு நேரே ஒரு கேள்விக்குறி. கேண்டீனுக்கு நேரே, 'எங்கே?' எனக்கு நேரே, 'சார் நல்ல மனுஷன். பாடம் ரிஜெக்ட்.'

டைரக்டர் அவரைக் கூப்பிட்டுத் தன் கன்னடம் கலந்த தமிழில் விசாரித்தார்.

"ஏன்ப்பா, எல்லாரும் அஞ்சு போட்டிருக்காங்க. நீயும் சும்னே அஞ்சு போட்டுட்டுப் போறதுக்கு என்ன?"

"எங்க கம்பெனில அப்படிச் சும்னே பாஸ் போட்டா லாரி ஒரு பக்கம் போவும், சக்கரம் ஒரு பக்கம் போவும் சார்."

"இது லாரியாய்யா? இங்கிலீஷ் கிளாஸ்!"

"அதான் சார் பிரச்சனை. இங்க கழண்டு போனாலும் வெளிய தெரிய மாட்டேங்குது."

அவருக்கு வேலையை கம்பெனியிலேயே விட்டுவிட்டு வரத் தெரியாது. நூல் கோத்த சிவப்பு அட்டைகள் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். குறை உள்ள போல்ட் பெட்டியில் கட்டுகிற அட்டை. பொருள், ஆபரேட்டர், குறை என்று அதில் வரிவரியாக இடம் விட்டிருக்கும். பார்வையில் பட்டதையெல்லாம் பரிசோதிப்பார். எங்கள் ஃபேனில் ஒரு அட்டை தொங்கியது. ஒழுகுகிற குழாயில் ஒன்று. பேக்கரிக்காரர் கொடுத்த டீ கப்பின் காதில் ஒன்று, 'குறை: சர்க்கரைத் தண்ணீர்' என்று. சுழல் நாற்காலியின் முதுகில் கட்டியதைப் பார்க்காமல் டைரக்டர் இரண்டு நாள் அதில் சுழன்றுகொண்டிருந்தார்.

ஒருநாள் வீட்டுக்குப் போய்ப் பையைக் கழற்றினால், பையின் பிடியில் ஒரு சிவப்பு அட்டை. 'பொருள்: இன்றைய பாடம். ஆபரேட்டர்:' என்று போட்டு என் பெயர். 'குறை: ரிஜெக்ட்.' விவேக் நகரிலிருந்து நீலசந்திரா வரை அதை ஆட்டிக்கொண்டே நடந்து வந்திருக்கிறேன்!

அப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாடா அது? உன் பேரு போட்டிருக்கா?"

"ஆமாம்பா."

"மெடலா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டார். "நல்ல போஸ்டாபீஸ் செவப்புடா. கம்பெனி சரக்கு." சாமி படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டியும் விட்டார்.

மறுநாள் க்யூ.சி.யைப் படிக்கட்டிலேயே மடக்கினேன். "நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? என் வேலை போறதுல உங்களுக்கு என்னங்க சந்தோஷம்?"

அவர் முகம் வாடிவிட்டது. சண்டைக்கு வருவார் என்று நினைத்தால், காதைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னுதுதான் சார். வெறும் ரிஜெக்ட்னு எழுதினா ஆபரேட்டருக்கு இன்னா புரியும்? எந்த இடத்துல, எவ்ளோன்னு எழுதணும். புது ஆள்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். நாளைலேர்ந்து கரெக்டா எழுதறேன்."

எழுதினார். தினம் ஒரு துண்டுச் சீட்டு. 'நேற்று நீங்கள் பேசியது ஐம்பது நிமிடம். நாங்கள் எல்லோரும் சேர்ந்து பேசியது மூன்று நிமிடம். இங்கிலீஷ் பேச வேண்டியது நாங்கள்.' அடுத்த நாள்: 'போர்டைப் பார்த்தே பேசுகிறீர்கள். போர்டு இங்கிலீஷ் கற்றுக்கொள்ளச் சேரவில்லை.' அதற்கடுத்த நாள்: '"டவுட் இருக்கா?" என்று கேட்டு இரண்டு நொடிதான் நின்றீர்கள். டவுன் பஸ்கூட ஸ்டாப்பில் அதைவிட அதிக நேரம் நிற்கும்.'

கோபமாகத்தான் வந்தது. ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடத்திப் பார்த்தேன். இரண்டு நொடிகூட நிற்கவில்லை. ஒன்றரைதான்.

அன்றிலிருந்து கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணினேன். முதலில் அந்தப் பத்து, பத்து வருஷமாகத் தெரிந்தது. மூன்றாம் நாள், எட்டு எண்ணும்போது ஒரு குரல் வந்தது. ஸ்டெல்லா அக்கா. கார்மென்ட்ஸில் காலர் தைக்கிறவர். இரண்டு மாதமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. நான் பேச்சைக் குறைத்தேன். அவர்கள் தப்பும் தவறுமாகப் பேச ஆரம்பித்தார்கள். கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் மாத ஃபாரம் வந்தது. எனக்குப் போட்டிருந்தது மூன்று, இரண்டு, மூன்று. 'முன்னாடி மாஸ்டர் நல்லா நடத்தினார். இப்போது அவர் சும்மா நிற்கிறார், எங்களைப் பேச வைத்துக் கஷ்டப்படுத்துகிறார்' என்று ஒரு குறிப்பு. கேண்டீனுக்கு மட்டும் அதே ஐந்து.

டைரக்டர் ஃபாரங்களைத் தட்டினார். "கேண்டீனை விடக் கீழ போயிட்டீங்களே மாஸ்டரே! நான் என்ன மாடறது? சனிக்கிழமையோட முடிச்சுக்கலாம்."

அப்பா வேறு அந்த வாரம் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு நீளக் காம்பவுண்டுச் சுவருக்குப் பெயிண்ட் வேலை பிடித்திருந்தார். அந்தச் சுவர் என் கனவில் வந்தது. முடிவே இல்லை.

சனிக்கிழமை வகுப்பில், சுழல் நாற்காலியில் இருந்த டைரக்டரைப் பார்த்து க்யூ.சி. எழுந்தார். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. "சார், மெஷின் சத்தம் நல்லா இருக்கான்னு கேட்டா மார்க் போடுவாங்க? வெளிய வர்ற பீஸை எடுத்துப் பார்க்கணும் சார். அஞ்சு பேரை எடுங்க. நான் எடுத்தா கோல்மால்னு சொல்லுவீங்க, நீங்களே எடுங்க. இந்த இன்ஸ்டிடியூட்டைப் பத்தி ஆளுக்கு ரெண்டு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசட்டும்."

டைரக்டர் விரலை நீட்டினார். முதல் விரல் ஸ்டெல்லா அக்காமேல் விழுந்தது. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"சார், யூ ஆஸ்க்ட் அபவுட் கேண்டீன் ஃபுட். ஐ கேவ் ஃபைவ். ஐ ஆம் சாரி. வேர் இஸ் த கேண்டீன், சார்?"

"அது... கமிங் சூன்மா."

"ஹவ் சூன், சார்?"

கூரியர்காரர் ஃபேனைப் பற்றிப் பேசினார். நர்ஸம்மா பாத்ரூம் தாழ்ப்பாளைப் பற்றி, ஒரு காலால் கதவை மிதித்துக்கொண்டே பாட்டுப் பாட வேண்டியிருக்கிறது என்று, நடித்தே காட்டினார். நாலாவது ஆளுக்கு இரண்டு நிமிடம் போதவில்லை. டைரக்டரின் காது சிவந்துகொண்டே வந்தது. அவர் ஐந்தாவது விரலை நீட்டினார். "நீ வாய்யா, பெரிய பரிசோதகரே!"

க்யூ.சி. எழுந்தார். "குட் ஈவினிங் சார்..." அவ்வளவுதான். கண் தரைக்குப் போய்விட்டது. நான் மனசுக்குள் பத்து எண்ணினேன். இன்னொரு பத்து எண்ணினேன். அவர் சட்டைப் பையில் கைவிட்டார். ஒரு சிவப்பு அட்டையை எடுத்துத் தன் சட்டைப் பொத்தானிலேயே கட்டிக்கொண்டார்.

"அஞ்சுல ஒண்ணு டிஃபெக்ட் சார். எங்க கம்பெனி ரூல்படி மொத்த லாட்டும் ரிஜெக்ட்."

என்னைக் காப்பாற்ற எழுந்த மனிதர்! எனக்கு அந்தக் காம்பவுண்டுச் சுவர் கண்முன்னே வந்து நின்றது.

டைரக்டர் மேஜையைத் தட்டினார். "உன் ரூலை ஹெப்பகோடியில வெச்சுக்கோய்யா! இத்தனை வருஷமா இதை நடத்தறேன், ஒருத்தர் என்னை இங்கிலீஷ்ல திட்டினதில்ல. இன்னிக்கி நாலு பேர் திட்டியிருக்காங்க, அதுவும் நிறுத்தாம! மாஸ்டரே, நீங்க பர்மனென்ட். அந்தத் தாழ்ப்பாளை மட்டும் திங்கட்கிழமை பார்த்துடலாம்."

கீழே இறங்கிப் பேக்கரிப் படியில் உட்கார்ந்தேன். மூன்று மாதத்தில் அன்றுதான் மூச்சு முழுசாக உள்ளே போய் முழுசாக வெளியே வந்தது. பக்கத்தில் க்யூ.சி. வந்து உட்கார்ந்தார், பொத்தானில் சிவப்பு அட்டையோடு. நான் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். 'மேலதிகாரியைப் பார்த்ததும் உங்கள் கண் தரையில் விழுகிறது. வகுப்பில் விழுவதில்லை. நாளை முதல் தினம் இரண்டு நிமிடம் பேக்கரிக்காரரிடம், அவர் கண்ணைப் பார்த்து.'

இரண்டு தடவை படித்தார். "இதுதான் சார் சீட்டு. எந்த இடத்துல, எவ்ளோ, எல்லாம் இருக்கு."

பாவம், அந்தப் பேக்கரிக்காரர். ஆறு மாதம் தேன் கேக்கின் தரத்தைப் பற்றி இங்கிலீஷில் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஒருநாள் க்யூ.சி. யூனிஃபாரத்தோடேயே வகுப்புக்குள் நுழைந்தார். கம்பெனிக்கு வந்த வெளிநாட்டுக்காரரிடம் பத்து நிமிடம் நின்று பேசியிருக்கிறார், தலையைக் குனியாமல். சட்டைப் பொத்தானில், பாஸான சரக்கில் கட்டுகிற பச்சை அட்டை. அதை மாட்டிக்கொண்டேதான் ஹெப்பகோடியிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். குனிந்து படித்தேன். பொருள் என்ற இடத்தில் அவர் பெயர். ஆபரேட்டர் என்ற இடத்தில் என் பெயர்.

"எனக்குத் தர மாட்டீங்களா?" என்றேன்.

"பாஸ் டேக் பீஸோடதான் சார் போவும்" என்று சட்டையைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் வீட்டில் இருப்பது அந்தச் சிவப்புதான். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும்போதெல்லாம் அப்பா அதைக் கழற்றிப் பத்திரமாக வைத்து, காய்ந்ததும் அதே ஆணியில் மாட்டுவார். அது மெடல் இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னால் பொய்யாகிவிடும்.