பெரிய எழுத்துப் புத்தகமும் பழைய குற்றாலத்து வளைவும்

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்று வளர்த்தது நான்கு. கொழுந்தனார் பிள்ளையையும் சேர்த்தால் ஐந்து. ஐந்தையும் கீழே விழாமல் வளர்த்தேன். நான் கீழே தள்ளியது மருமகள் செல்வியை மட்டும்தான். அதுவும் புத்தகம் படித்து.

செல்விக்குத் தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைப்பதாக இருந்தது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். லைசென்ஸ் இருந்தால்தான் வேலை என்றுவிட்டார்கள். வெளிநாடு போன என் மகனின் மோட்டார் சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. நேர் ரோட்டில் நன்றாக ஓட்டுவாள். வளைவு வந்தால் மட்டும் காலை ஊன்றிவிடுவாள். எட்டுப் போடும் பரீட்சையில் ஒரு தடவை தோற்றாயிற்று. அடுத்த வியாழனும் தோற்றால் வேலை வேறொருத்திக்கு.

"படிச்சு வராதது ஒண்ணு உண்டா?" என்றேன். (படிப்பைப் பற்றி அதிகம் பேசுவது என்னைப் போல் படிக்காதவர்கள்தான்.) பிள்ளைகளின் பாடப்புத்தகத்தை எட்டி எட்டிப் பார்த்தே எழுத்துக்கூட்டக் கற்றவள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதல்.

ரத வீதிப் பக்கம் இருந்த புத்தகக் கடைக்கு நானே போனேன். கடைக்காரத் தம்பி இரண்டு புத்தகம் எடுத்து வைத்தார். ஒன்று நல்ல தடிமன்.

"ஆச்சி, இத எடுங்க. வளைவுக்கு ஒரு பாடம், ஈர ரோட்டுக்கு ஒரு பாடம், பிரேக்குக்கு ஒரு பாடம், எல்லாம் இருக்கு."

பிரித்தேன். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. மற்றதில் எழுத்து ஒவ்வொன்றும் புளியங்குடி எலுமிச்சை அளவு. "இதான் நல்ல புஸ்தகம்" என்றேன்.

"அதுல விஷயம் கம்மி ஆச்சி. படிக்கப்போறது உங்க மருமவதான?"

"வண்டிய அவ பாத்துக்கிடுவா. புஸ்தகத்த நான் பாத்துக்கிடுதேன்."

தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். உறையில் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிறு காலை பழைய குற்றாலம் போகிற ரோட்டில் கிளம்பினோம். சீசன் நேரம், சாரல் விட்டு விட்டு விழுந்தது. நான் பின்னால் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் செல்வியின் தோளைப் பிடித்து, மறு கையில் புத்தகத்தை விரித்தேன்.

"வ... ளை... வு" என்று கூட்டி முடிப்பதற்குள் முதல் வளைவு போய்விட்டது. செல்வி காலை ஊன்றித் தப்பித்தாள்.

"அத்த, கொஞ்சம் வெரசா வாசிங்க."

"நீ கொஞ்சம் மெதுவாப் போயேன்."

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுரும் அத்த."

"வரு... வதற்கு... முன்பே..." இரண்டாவது வளைவும் போயிற்று. மூன்றாவது பெரிய வளைவு, பக்கத்திலேயே வயல். "வேகத்தை" என்று வாசித்தேன். பக்கம் முடிந்துவிட்டது. எழுத்து அவ்வளவு பெரிதாக இருந்தால் ஒரு பக்கத்தில் எத்தனை சொல்தான் பிடிக்கும்?

"வேகத்த என்ன செய்ய அத்த? கூட்டவா, கொறைக்கவா?"

"பொறு தாயி, பக்கத்தத் திருப்பணும்."

சாரலில் தாள் ஒட்டிக்கொண்டது. தோளைப் பிடித்திருந்த கையை எடுத்து, விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் பிரித்தேன். என் கனம் ஒரு பக்கமாகச் சரிந்தது. (அது லேசான கனம் இல்லை.) வண்டியும் அந்தப் பக்கமே வந்தது. மருமகள், வண்டி, நான், புத்தகம் என்று வரிசையாக வயலுக்குள் இறங்கினோம். உழுது சேறாக்கி வைத்திருந்த வயல்; மெத்தை தோற்றது.

நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் பதறி ஓடிவந்து எங்கள் கைகால்களை நீட்டி மடக்கிப் பார்த்தார்கள். ஒன்றும் ஒடியவில்லை என்று தெரிந்த பிறகு ஒருத்தி கேட்டாள்: "நடவுக்கு ஆளு போதும்னு சொல்லிட்டமே ஆச்சி, நீங்க எதுக்கு வண்டியோட வந்திய?"

செல்வி சேற்றில் கிடந்த புத்தகத்தை எடுத்துத் தாளைப் பிரித்தாள். "கொறைக்கணுமாம் அத்த" என்றாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹேண்டில்பார் கோணியிருந்தது. வியாழனுக்கு நாலே நாள். அவள் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேனே!

வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். "அந்தத் தடிப் புஸ்தகத்தக் குடுங்க தம்பி. இது வேற ஒரு மருமவளுக்கு" என்றேன். என் காதோரம் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தபடியே அவர் "சரி ஆச்சி" என்றார்.

அதைச் செல்வியே படித்தாள். வளைவில் முன்சக்கரத்தைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார் என்று அதில் இருந்ததாம். இத்தனை நாளும் அவள் சக்கரத்தையேதான் பார்த்து ஓட்டியிருக்கிறாள். செவ்வாயன்று வண்டி வந்தது. இரண்டு நாள் பழகினாள். நான் பின்னால் ஏறவில்லை, வாயும் திறக்கவில்லை. (இரண்டாவதுதான் கஷ்டம்.) வியாழனன்று ஒரு தடவைகூடக் காலை ஊன்றாமல் எட்டைப் போட்டு முடித்தாள்.

இப்போது குத்துக்கல்வலசை வரை அவள் வண்டி போகாத தெரு இல்லை. எனக்குச் சர்க்கரை பார்க்கவும் அவள்தான் ரத்தம் எடுக்கிறாள், வலிக்காது. வீட்டில் யார் பேச்சைப் பாதியில் நிறுத்தினாலும் பேத்தி பவி, "பக்கத்தத் திருப்புங்க" என்பாள். வெளிநாட்டிலிருந்து மகனும் ஃபோனில் அதையே சொல்கிறான். சொல்லட்டும். தடிப் புத்தகத்தை இப்போது நான் படிக்கிறேன், கண்ணாடி போட்டு, நாளுக்கு நாலு வரி. ஈர ரோட்டுப் பாடத்துக்கு வந்திருக்கிறேன்.

ஏட்டி பவி, இங்கன வா. ஆச்சி எழுதுனத வாசிச்சுக் காட்டு. மெதுவாவே வாசி தாயி, நாம வீட்டுலதான இருக்கோம்.