கட்டுத்தறியில் ஒரு வகுப்பு

செவலைப் பசு உதைத்த உதையில் வாளி சாணிக்குழிக்குப் போனது. ஆனந்தகுமார் அவ்வளவு தூரம் போகவில்லை; தவிட்டுத் தொட்டியோடு நின்றுகொண்டான்.

"பாத்தியா கண்ணு?" என்றான், எழுந்திருக்காமலே. "இதுக்குப் பேருதான் செஞ்சு படிக்கறது. புஸ்தகத்துல மாட்டுப் படம் இருக்கும். உதை இருக்குமா?"

மகள் சோனா தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வயது ஒன்பது.

"இடப்பக்கம் உக்காந்தா செவலை உதைக்குமுங்ப்பா. வலப்பக்கம் உக்காரோணும்."

"அடடா! நீயே கண்டுபிடிச்சுட்டயே!"

சோனா வாளியை எடுத்துவந்து கழுவி, அவன் கையில் கொடுத்தாள்.

கோயம்புத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் பன்னிரண்டு வருடம் பில் போட்டவன் ஆனந்தகுமார். கடையை மூடியதும் எருத்தேன்பதிக்குத் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. அவனுடைய அப்பா கிணறு வெட்டியே கை காய்ச்சுப் போனவர். மகன் கையில் மண் படக் கூடாதென்று ஏழு வயதில் பொள்ளாச்சி விடுதியில் கொண்டுபோய் விட்டார். மண் படவில்லை. வேறு எதுவுமே படவில்லை. நாற்பது வயதில் ஒரு முடிச்சை அவிழ்க்க வராத கை அது.

தன் மகளுக்கும் அப்படி ஒரு கை வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவன் பயம். தினமும் தென்னந்தோப்பில் கயிற்றுக்கட்டிலில் படுத்து, மேலே ஓலை ஆடுவதைப் பார்த்தபடி யோசித்தான். பாலக்காட்டுக் காற்று பகலிலேயே ஆளைத் தாலாட்டும் காற்று. அந்தக் காற்றில் சோனா பள்ளிக்கூடம் போகாமலே படித்தாள். தண்ணீரைத் தொட்டுத் தண்ணீரைப் படித்தாள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து அவளிடம் சந்தேகம் கேட்டார்கள். கண் விழிக்கும்போது முடிவாகியிருந்தது. டிசி வாங்கிவிட வேண்டும்.

மனைவி செல்வப்பிரியாவுக்குத் தோப்பு, கடலைக்காடு, மாடு என்று காலை நாலரைக்கே நாள் தொடங்கிவிடும். கனவுக்கு நேரமில்லை. அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஏனுங்க, நான் கொழிஞ்சாம்பாறை கல்யாணத்துக்குப் போய்ட்டு சாயங்காலம் வந்தர்றன். மாடும் புள்ளையும் உங்க பொறுப்பு. நாலரைக்குள்ள பால் சொசைட்டிக்குப் போயிருக்கோணும். போயிருந்தா, நாளைக்கு ஸ்கூல் தொறக்கறாங்க, போய் டிசி வாங்கிக்கோங்க. நான் வாய் தொறக்க மாட்டன். போகலீன்னா இந்தப் பேச்சையே உட்டுறோணும்."

இப்போது மணி மூன்று.

வலப்பக்கம் உட்கார்ந்தான். காம்பைப் பிடித்து இழுத்தான். பால் வரவில்லை. செவலை திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தது.

"கன்னை ஊட்ட உடோணுங்ப்பா. அப்பத்தான் பால் இறங்கும்."

"நானும் அதத்தான் சொல்ல வந்தன்."

கன்றை அவிழ்த்துவிட முடிச்சோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டினான். கன்று பாய்ந்து போய் முட்டி ஊட்டத் தொடங்கியது. அதன் வாயோரம் நுரை. பசு கண்ணை மூடி நின்றது. வெயில் ஓலை வழியாகக் காசு காசாகத் தரையில் விழுந்து ஆடியது. மேற்கே மலையில் மழைமேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனந்தகுமார் அதைப் பார்த்தான். அந்த மேகத்துக்கு அடியில் ஒரு பெரிய மண்டபம், மேடையில் சோனா, 'எல்லாம் எங்கப்பா கத்துக்குடுத்தது' என்கிறாள்...

"அப்பா! கன்னு ரெண்டு காம்பைக் காலி பண்ணீருச்சு!"

பதறிக் கன்றை இழுத்துப் பிடித்தான். கட்ட இடம் தேடினான். கைக்கு எட்டியது சொட்டுநீர்க் குழாயின் வால்வு. அதில் கட்டினான்.

"அதுல கட்டக் கூடாதுங்ப்பா."

"ஏன்னு யோசி. யோசிச்சாத்தான் அறிவு."

கன்று யோசிக்கவில்லை. ஒரு துள்ளுத் துள்ளியது. வால்வு குழாயோடு பிய்ந்து வந்தது. தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீய்ச்சி, களத்தில் காயப் போட்டிருந்த கடலைக்காய் மேல் மழையாகக் கொட்டியது. வெயிலில் ஒரு சின்ன வானவில் கூடத் தெரிந்தது. ஆனந்தகுமார் அதையும் ஒரு நொடி நின்று பார்த்தான்.

"கண்ணு, ஏழு நிறமும் எண்ணு!"

"அப்பா, கடலைக்காய்!"

ஓடினான். மோட்டாரை நிறுத்தியிருக்க வேண்டும். அவனோ கிணற்றடியில் குழாய் தொடங்கும் இடத்தில் இருந்த பெரிய வால்வை ஒரே திருகாகத் திருகி மூடினான். கூட்டுக் கிணறு அது. தண்ணீர் அத்தனையும் அடுத்த காட்டுப் பக்கம் பாய்ந்தது. அங்கே ஏதோ படாரென்று வெடித்தது. பிறகு ஒரு குரல்.

"எவண்டா அவன்!"

அடுத்த காட்டுக்காரர் அப்புசாமி வரப்பேறி வந்தார். தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்.

"ஏப்பா ஆனந்து, நான் இன்னிக்குக் காத்தாலயே குளிச்சுட்டனே!"

"புள்ளைக்குப் பாடம் நடத்திட்டிருந்தனுங்ண்ணா."

"என்ன பாடம்?"

"தண்ணியோட அழுத்தம்."

"எனக்கு நல்லாப் புரிஞ்சுதப்பா," என்றார் அப்புசாமி, காதிலிருந்து தண்ணீரை உதறிக்கொண்டு. "நாளைக்குக் கரண்டுப் பாடம் நடத்தற யோசனை இருந்தா முன்னமே சொல்லீரு. நான் அத்தை ஊட்டுக்குப் போயர்றன்."

இதற்குள் சோனா ஓடிப்போய் மோட்டாரை அணைத்து, கடலைக்காயைத் தார்ப்பாயோடு மேட்டுக்கு இழுத்து, கன்றை முளைக்குச்சியில் கட்டிவிட்டு வந்திருந்தாள். மணி மூன்றே முக்கால்.

ஆனந்தகுமார் முதல்முறையாக மணியைப் பார்த்தான். பால் போகாவிட்டால் டிசி இல்லை. சோனாவும் விடுதி, வேலை, பில், மூடிய கடை என்று...

"கண்ணு, நீ கறந்தர்றயா? உனக்கு வருமில்ல?"

"வருமுங்ப்பா. ஆனா நான் கை வெக்கக் கூடாது. நீங்கதான் கறக்கோணும்."

வாத்தியார் செய்து காட்டட்டும் என்று காத்திருக்கிறாள், எவ்வளவு மரியாதை என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது.

"விரல்ல எண்ணெய் தொட்டுக்கோங்க. இழுக்காதீங்க. மேல அமுக்கிப் புடிச்சு, கீழ கொண்டு வாங்க. தப்பு. மறுக்கா. ம்... தப்பு. மறுக்கா."

ஆறாவது தடவை வாளியில் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. ஆனந்தகுமார் மூச்சை அடக்கினான். சர். சர். உள்ளங்கையில் சூடு, விரல் வழியே இறங்கும் உயிர். மணிக்கட்டு கழன்று விழுவது போல வலித்தது. அப்பாவுக்கு வாழ்க்கை முழுக்க இப்படித்தான் வலித்திருக்கும் என்று நினைத்தான். பன்னிரண்டு வருடம் பில் போட்டபோது ஒருநாளும் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

மூன்று லிட்டர். சொசைட்டிக் கதவை அடைக்கும்போது ஒரு காலை உள்ளே நீட்டித் தடுத்து, அப்பாவும் மகளும் பாலை ஊற்றினார்கள்.

செல்வப்பிரியா வந்தாள். நனைந்த கடலைக்காயைப் பார்த்தாள், பிய்ந்த குழாயைப் பார்த்தாள், சொசைட்டிச் சீட்டைப் பார்த்தாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாய் திறக்கவில்லை. பாத்திரங்கள்தான் இரண்டு மடங்கு சத்தமாக விழுந்தன.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் ஸ்கூலுக்குப் போய்ட்டு வரட்டுங்ளாப்பா?" என்றாள் சோனா.

"போய்ட்டு வா தங்கம். எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வா."

மறுநாள் பதினோரு மணிக்கு ஆனந்தகுமார் பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்திருந்தான். வெளுத்த சட்டை. விரல்கள் வீங்கி, பேனா பிடிக்க வரவில்லை. எதிரில் சோனாவின் வகுப்பு டீச்சர் நிமி.

"டிசி எதுக்கு சார்?"

"ஸ்கூல்ல கையால செய்யறது எதுவும் சொல்லித் தர்றதில்லீங்களே டீச்சர். ஒரே நாள்ல நான் ஊட்டுல பால் கறக்கறதையே நடத்தி முடிச்சுட்டன். எம் புள்ளைக்கு நானே போதும்."

நிமி டீச்சர் அவனுடைய வீங்கிய விரல்களைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த தாளைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "டிசி தரலாம் சார், அதுக்கொண்ணுமில்ல, ஆனா 'வீட்டில இருக்கிற ஒரு பெரியவருக்கு, அவருக்குத் தெரியாத ஒரு வேலைய, நீங்க கை வைக்காம படிப்பிச்சுக் கொடுக்கணும்'னு வெகேஷனுக்கு நான் கொடுத்த ப்ராஜெக்ட்ட மத்த பிள்ளைங்க எல்லாம் முடிச்சுட்டாங்க, சோனா மட்டும்தான் 'எங்கப்பாவுக்கு இன்னும் ஒரு வருஷம் வேணும்'னு எழுதிக் கொடுத்திருக்கா."