சட்டைப் பையில் இருந்த ராணுவ ரகசியம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். இங்கே நானும் வீட்டுக்காரியும் உயிரோடு இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

தாங்கள் பாதுகாப்பு அமைச்சகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவர். தங்கள் வார்த்தைக்கு அங்கே இன்னும் மதிப்பு உண்டு என்று கல்யாணத்தன்று தாங்களே என்னிடம் மூன்று முறை சொன்னீர்கள். அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

எங்கள் லாண்டரிக்கு எதிரே பூட்டிக் கிடந்த தொலைபேசி அலுவலகத்தை ராணுவம் எடுத்துக்கொண்டு ஒன்பது மாதம் ஆகிறது. இணையப் போர் மையமாம். நாட்டின் பாதுகாப்புக்குக் கோடிக்கணக்கில் முதலீடு என்று பேப்பரில் அரைப் பக்கம் போட்டிருந்தான். எதிரி கம்ப்யூட்டர் வழியாக நம் மின்சாரத்தை அணைப்பதற்குள் நாம் அவனுடையதை அணைக்க வேண்டுமாம். நான் ஒன்றும் தேசத் துரோகி இல்லை, நன்றாக அணைக்கட்டும். ஆனால் எதிரி வீட்டில் என்ன ஆனதோ தெரியாது, முதல் வாரமே அணைந்தது எங்கள் தெரு. கேபிள் போட மூன்று முறை தோண்டினார்கள். ஒவ்வொரு முறையும் முந்தைய முறை போட்டதை அறுத்தார்கள். அப்புறம் அந்த மெஷின்கள் சூடாகுமாம், குளிரவைக்கத் தண்ணீர் வேண்டுமாம். மெயின் குழாயிலிருந்து என் தொடைத் தடிமனுக்கு ஒரு பைப்பை இழுத்துக்கொண்டு போனார்கள். அன்று முதல் என் சலவை மெஷின் பாதி நிரம்பி அப்படியே நிற்கிறது. கம்ப்யூட்டர் குளிக்கிறது, போர்வை அழுக்காகக் கிடக்கிறது. மாடியில் காயப்போட்ட ஆஸ்பத்திரி விரிப்புகள் மேலெல்லாம் ஜெனரேட்டர் கரி. ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் அம்மா ஒரு விரிப்பை என் மூக்குக்கு நேரே பிரித்துக் காட்டி, "இதுல படுத்து ஒருத்தருக்கு சீக்கு வந்தா அது எங்க கணக்கா, உங்க கணக்கா?" என்று கேட்டார். இருபது வருட வாடிக்கை அன்றோடு போயிற்று.

முறையிடலாம் என்று அவர்கள் வாசலுக்குப் போனேன். எந்த மையம் என்று காவலாளி கேட்டான். உனக்குப் பின்னால் இருக்கிறதே, அது என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "அப்படி ஒண்ணு இங்க இல்லீங்க" என்றான். இல்லாத மையத்துக்கு இரண்டு ஆள் உயரச் சுவர். இல்லாத மையத்தின் ஆட்கள்தான் வாரா வாரம் என்னிடம் சீருடையையும் போர்வையையும் துவைக்கப் போடுகிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை வந்தது வினை. அங்கே இருக்கும் கேப்டனின் சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு தாள். மேலே 'பிரதான கடவுச்சொல், யாருக்கும் காட்டாதே' என்று கொட்டை எழுத்து. கீழே எழுத்தும் எண்ணுமாக ஒரு முழ நீளம். தண்ணீரில் போட்டுவிடுங்கள், நமக்கெதற்கு வம்பு என்றாள் வீட்டுக்காரி. நான் கேட்டேனா? வியர்வையில் நமத்திருந்த தாளை இஸ்திரி போட்டு, கவரில் வைத்து, மரியாதையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்து மணி நேரம் உட்காரவைத்துவிட்டார்கள் சம்பந்தி, ஜன்னல் இல்லாத ஓர் அறையில். ஒரு மேஜர் வந்தார்.

"இதைப் படிச்சீங்களா?"

"படிச்சாத்தானே சார் யாரோடதுன்னு தெரியும்."

"மனப்பாடம் பண்ணிட்டீங்களா?"

"என் போன் நம்பரே எனக்கு ஞாபகம் இருக்காது சார்."

அதையும் எழுதிக்கொண்டார். எந்த நாட்டுக்காக வேலை செய்கிறாய் என்று கேட்டார். லாண்டரிக்காக என்றேன். என் தண்ணீரில் குளிர்ந்த காற்று அந்த அறைக்குள்ளும் வந்து பல் கிடுகிடுத்தது. இரக்கப்பட்டு ஒரு போர்வை கொடுத்தார்கள். அதன் மூலையில் என் கடை முத்திரை. கடைசியில், பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நகல் கேட்டால் அதுவும் ரகசியமாம். வெளியே வந்தால் பெஞ்சில் அந்தக் கேப்டன், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். மெதுவாக, "ஐயா, தண்ணில போட்டிருக்கலாமே" என்றார். வீட்டில் ஒருத்தி சொன்னது போதாதா? ஒழுங்காக நடந்ததற்கு இதுதானா சம்பந்தி எனக்கு மரியாதை?

இப்போது இரண்டாம் கட்டத்துக்கும் நிதி ஒதுக்கிவிட்டார்களாம். இன்னும் இரண்டு மாடி, இன்னும் இரண்டு பைப். கடையை இழுத்து மூடுவதைத் தவிர எனக்கு வழியில்லை. தாங்கள் அமைச்சகத்தில் ஒரு வார்த்தை சொல்லி இதைத் தடுத்தே ஆக வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பதால் இதைப் படித்ததும் கிழித்துவிடவும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். பிள்ளைகள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் வாழட்டும்.

இப்படிக்கு,
பொறுமை இழந்த தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் அந்த மேஜரே கடைக்கு வந்தார். இங்கே தண்ணீர் போதவில்லையாம், மையத்தையே ஊர் மாற்றுகிறார்களாம். தங்கள் வீட்டுக்குப் பின்னால் மூடிக் கிடக்கும் நூல் மில்லை முடிவு செய்துவிட்டார்கள். தங்கள் ஊர் ஏரி அவருக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வேறு தாள் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். மேலே உள்ளது கோபத்தில் எழுதியது, பொருட்படுத்த வேண்டாம். அமைச்சகத்தில் தயவுசெய்து யாரிடமும் எதுவும் பேசிவிடாதீர்கள். மையத்தில் இருப்பவர்கள் தங்கமான பிள்ளைகள். ஜெனரேட்டர் சத்தம் நாலு நாளில் பழகிவிடும். தேசம் என்று வந்துவிட்டால் நாமெல்லாம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தானே வேண்டும், சம்பந்தி.