அட்டையில் தட்டிய கடவுச்சொல்

ஜூன் 11, செவ்வாய்.

இன்று கடவுச்சொல் பயிற்சியில் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டிவிட்டேன். அட்டைதான், யாருக்கும் தெரியாது. இருந்தாலும் அட்டையிலேயே அழிக்கும் விசையைத் தேடி அழுத்திவிட்டு, மறுபடி சரியாகத் தட்டினேன். நேர்மை முக்கியம்.

உலகத்திலேயே மிகப் பாதுகாப்பான கணினி வகுப்பு எங்களுடையது. பெயர், ‘பெண்களுக்கான இணையப் பாதுகாப்பு: செய்முறை வழி’. ஆளுக்கோர் அட்டை, அதில் விசைப்பலகை வரைந்திருக்கும். வைரஸ் நுழைய வழியே இல்லை. உண்மையான கணினிகள் பக்கத்து அறையில், பையன்கள் வகுப்பில் இருக்கின்றன.

“அவங்க தட்டி உடைச்சுத்தான் கத்துக்கணும். நீங்க பொறுமைசாலிங்க, பார்த்தாலே புரிஞ்சிடும்” என்று சார் விளக்கியபோது, அது பாராட்டு என்று எழுதி வைத்துக்கொண்டேன். அடிக்கோடும் போட்டேன்.

இன்று வகுப்புக்கு நிதி தரும் அமைப்பிலிருந்து மேடம் வந்தார். அவர் அலுவலகத்தின் பாதுகாப்புப் பிரிவில் பயிற்சி ஊழியராக இங்கிருந்து ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஓர் இடத்துக்காகத்தான் நான்கு மாதமாகப் பொட்டலம் கட்டும் வேலை முடிந்ததும் வகுப்புக்கு ஓடி வருகிறேன். எழுத்துத் தேர்வில் நான் முதலிடம். சார் பக்கத்து அறையிலிருந்து ஒரு கணினியைத் தூக்கி வந்து, அதன் முன்னால் என்னை உட்கார வைத்தார்.

“மோசடி மெயில் ஒண்ணு வந்திருக்கு. என்னம்மா செய்வே?”

“அதுல இருக்கிற லிங்க்கைத் தொடக் கூடாது மேடம். அனுப்பினது யாருன்னு பார்த்து, புகார் கொடுக்கணும்.”

“பிரமாதம்! செஞ்சு காட்டு.”

விசையை அழுத்தினேன். அது உள்ளே இறங்கியது.

“ஐயோ சார், உடைச்சிட்டேன்!” என்று கையை உதறிக்கொண்டு எழுந்தே விட்டேன்.

பின்வரிசையிலிருந்து என் சித்தி மகள் கத்தினாள். துருதுரு என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். “உடையலக்கா! நிஜக் கீபோர்டு அமுங்கும்!”

“உனக்கெப்படித் தெரியும்?” சார் அதட்டினார்.

“ஜன்னல் வழியாப் பார்த்தேன் சார். பார்த்தாலே புரிஞ்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க?”

மேடம் நிமிர்ந்தார். “அப்போ இத்தனை நாளா எதுல தட்டினீங்க?”

துருதுரு அட்டையை உயர்த்திக் காட்டினாள். சாரின் முகம் வெளிறியது. மேடம் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார்.

“அட, எவ்வளவு சிக்கனம்! கரண்டே வேண்டாமே!”

அட்டையோடு எங்களைப் படம் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு எல்லா ஊர்ப் பெண்களுக்கும் இதே அட்டை, பிளாஸ்டிக் உறையோடு வழங்கப்படும். அந்தப் பயிற்சி ஊழியர் இடம் பக்கத்து அறைப் பையன் ஒருவனுக்குப் போனது.

“இந்தப் பொண்ணு இன்னும் கொஞ்ச நாள் அட்டையில பழகட்டும்” என்றார் மேடம்.

“நன்றி மேடம்” என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியில் துருதுரு விடவில்லை. “எதுக்குக்கா நன்றி?”

“வாயில வந்துடுச்சுடி.”

“வாய் மட்டும் நல்லா பழகியிருக்கு. விரலைத்தான் காணோம்.”

எங்கள் வகுப்பு பாதுகாப்பானதுதான், சந்தேகமே இல்லை. திருடர்களிடமிருந்து கணினிகளைக் காக்கக் கற்றுக்கொள்கிறோம் என்று நினைத்திருந்தேன். நான்கு மாதமாக அவற்றை எங்களிடமிருந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் அதற்குக் குறிப்பெடுத்து அடிக்கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நாளை: வேலை முடிந்ததும் நேராகப் பக்கத்து அறைக்குப் போக வேண்டும். முதல் வரிசையில் இரண்டு நாற்காலி பிடிக்க வேண்டும். சார் எழுப்பினாலும் எழக் கூடாது.