கணக்குப் புலியின் மாலை வகுப்பு

"அப்பா, இந்தக் கணக்கை எப்படி ஆரம்பிக்கிறது?"

மகளின் நாற்காலிக்குப் பின்னால் காவல் நின்றிருந்தவர் குனிந்து பார்த்தார். முதல் வரியிலேயே நெட்டையாக ஒரு பாம்புக் குறி நெளிந்துகொண்டு நின்றது. அதற்கு ஏதோ ஒரு பெயர் உண்டு என்பது வரை ஞாபகம் வந்தது.

ஒரு சோப்புக் கம்பெனியில் கிடங்கு மேலாளர் அவர். 'கணக்குப் புலி' என்பது அவரே தமக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். மகள் பொறியியல் நுழைவுத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தால் போதும், பின்னால் வந்து நின்றுவிடுவார். "பேனாவை ஏன் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிறே?", "சமக்குறியை நேராப் போடு" என்று உபதேசம் ஓயாது.

"இதைக்கூட நான்தான் சொல்லணுமா? நீயே யோசி. நாளைக்குப் பார்க்கிறேன்."

சமையலறையிலிருந்து மனைவி, "பக்கத்துத் தெருவுல ஒரு டீச்சர் டியூஷன் எடுக்கறாங்களாம். அங்க அனுப்பினா என்ன?" என்றாள்.

"புலி இருக்கிற வீட்டுக்குப் பூனை எதுக்கு?"

மறுநாள் மாலை அந்தப் பூனையின் வீட்டு வாசலில்தான் புலி செருப்பைக் கழற்றியது. வீட்டில், ஆபீஸில் ஆடிட் என்று சொல்லியிருந்தார்.

டீச்சருக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். குட்டைப் பெஞ்சில் முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்து கற்றதை அன்றிரவே மகளிடம் ஒப்பித்தார். மகள் பவ்யமாகத் தலையாட்டினாள்.

மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. தன் அண்ணனிடம் அளந்தாள். அண்ணன் சும்மா இருப்பாரா? ஞாயிற்றுக்கிழமை தன் இரட்டைப் பெண்களைக் கொண்டுவந்து இறக்கினார்.

"கணக்கு பரவாயில்லை மாப்பிள்ளே. இதுங்களுக்குக் கெமிஸ்ட்ரிதான் தகராறு."

"அதுக்கென்ன, அனுப்புங்க" என்றது புலியின் வாய். அதற்கு என்றைக்குமே மூளையைக் கேட்டுப் பழக்கமில்லை.

டீச்சரிடம் மாலை வகுப்பு கணக்கு, கெமிஸ்ட்ரி என்று இரண்டு பாடமாயிற்று. வீட்டுப்பாடத்தை ஆபீஸில் ஒளித்துச் செய்ததில், சலவை சோப்பு போகவேண்டிய ஊருக்குக் குளியல் சோப்பு போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இத்தோடு முழுக்குப் போட்டுவிடலாம் என்று டீச்சரிடம் போனார்.

"எனக்கு இவ்வளவு போதும் டீச்சர்."

"வெக்டரை யாரு படிப்பாங்க? உட்காருங்க சார். முடிச்சுட்டுத்தான் வீட்டுக்கு."

பக்கத்தில் உட்கார்ந்து படித்த ரெட்டைச் சடை மாணவி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

ஒருவழியாகத் தேர்வு முடிந்தது. மகளுக்குக் கேட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. முடிதிருத்துபவர் முதல் முதலாளி வரை எல்லாரிடமும், "எல்லாம் நம்ம கோச்சிங்" என்று மார்தட்டினார். தட்டி முடித்தபின்தான் ஒரு பயம் கிளம்பியது. டீச்சர் வாயைத் திறந்துவிட்டால்?

ஓடினார். டீச்சர் வீட்டில் இல்லை. அவள் அம்மாதான் கதவைத் திறந்தார்.

"அம்மா, நான் இங்க வந்து படிச்சது வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம். முக்கியமா என் பொண்ணுக்கு."

"நாங்க ஏன் சார் சொல்லப்போறோம்? 'சாயங்காலம் எங்கப்பாவை இங்கயே பிடிச்சு வெச்சுக்குங்க, அப்பத்தான் நான் வீட்டுல நிம்மதியாப் படிக்க முடியும், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னு நீங்க சேர்ந்த மறுநாளே உங்க பொண்ணு வந்து சத்தியம் வாங்கிட்டுப் போயிட்டாளே."