தாலாட்டு எழுதிய அத்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குழந்தை நலம். மற்றவர்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

உங்கள் இதழைப் பிரித்ததும் முதலில் என் கண்ணில் பட்டது புகைப்படத்தில் இருந்த சட்டைக் காலர்தான். அதன் ஒரு முனை லேசாகத் தீய்ந்திருக்கும். நான் இஸ்திரி போடும்போது குழந்தை அழுததால் ஓடினேன், திரும்பி வருவதற்குள் அப்படி ஆகிவிட்டது. காலருக்கு மேலே இருந்த முகம் என் அக்காவின் கணவருடையது. பக்கத்தில் இருந்த தாலாட்டு என்னுடையது.

அக்காவும் அத்தானும் வேலைக்குப் போவதால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்போடு என்னை நிறுத்தி இங்கே அழைத்து வந்தார்கள். எனக்கு யாரிடமும் பேச வராது, குழந்தையிடம் மட்டும் பாடுவேன். குழந்தை தூங்கும் அழகைப் படம் பிடிப்பதாகச் சொல்லி அத்தான் தொட்டிலருகே செல்போனை வைத்தார், நானும் நம்பினேன். அதில் பதிவான பாட்டை எழுதியெடுத்து, 'சித்தி மடியில்' என்று நான் பாடியதை 'எந்தன் மடியில்' என்று மாற்றினார். மற்றதைப் படிக்காமலே அனுப்பிவிட்டார் போலிருக்கிறது.

மெல்ல அழு கண்ணே, மெல்ல அழு,
அப்பா எழுந்தால் கத்துவார்,
தட்டு பறக்கும், கதவு அதிரும்,
மெல்ல அழு.

இங்கே அப்பா என்பது அரசாங்கம், தட்டு என்பது மக்களின் பசி என்று குறிப்பு எழுதியிருந்தீர்கள். ஐயா, தட்டு என்பது தட்டுதான். எவர்சில்வர். விளிம்பு நசுங்கியிருக்கிறது.

அதே குறிப்பில், யாழ் போன்ற லைர் என்ற கருவியை மீட்டிக் கிரேக்கர்கள் பாடியதால்தான் லிரிக் என்ற சொல் வந்தது, இப்படிப் பாடுகிறவரைப் பிரான்சின் தெற்கே ட்ரூபடூர் என்றும் ஜெர்மனியில் மின்னெசிங்கர் என்றும் உருதுவில் ஷாயர் என்றும் சொல்வார்கள், நாம் பாணர் என்றோம் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. வாசலில் பெயர்ப்பலகை மாட்ட அத்தான் ஒரு பெயின்டரை அழைத்து வந்து எல்லாப் பட்டங்களையும் எழுதச் சொன்னார்.

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார், பலகை அவ்வளவு நீளம் இல்ல" என்றார் பெயின்டர்.

"மின்னெசிங்கர்னு போட்டா யாருக்கும் இல்லாததா இருக்கும்."

"மின்சார ரிப்பேர்னு நெனச்சு ஃபேனைத் தூக்கிட்டு வருவாங்க" என்றாள் அக்கா.

என்றும் வாய் திறக்காத நான் அன்று கேட்டுவிட்டேன். "இதுல தாலாட்டுப் பாடுறவங்களுக்கு என்ன பேரு அத்தான்?"

"அதுக்கெல்லாம் பேர் கிடையாதும்மா. அது வீட்டு வேலை" என்றார்.

இப்போது நீங்கள் தொகுப்புப் போட இன்னும் பாட்டுகள் கேட்டிருக்கிறீர்களாம். "பிள்ளைக்குப் புதுசா ஏதாவது பாடேன், பழசு கேட்டுக் கேட்டு அதுக்கே சலிச்சுப்போச்சு" என்று அத்தான் தொட்டிலையே சுற்றிச் சுற்றி வருகிறார். நான் பாடுவதை நிறுத்திவிட்டேன், குழந்தை தூங்குவதை நிறுத்திவிட்டது. அந்தப் பாட்டு என்னுடையது என்று அடுத்த இதழில் ஒரே ஒரு வரி போடுங்கள் ஐயா. மூலையில் போட்டாலும் போதும்.

தங்கள் வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு என் அன்பு. அவர்கள் நன்றாகத் தூங்கட்டும்.

இப்படிக்கு,
அந்தக் குழந்தையின் சித்தி

பி.கு.: அக்கா இதைப் படித்துவிட்டாள். திட்டவில்லை, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பாட்டு உன்னோடதுன்னா அந்த அப்பா இவர்தான்னு ஊருக்கே தெரிஞ்சுடும்டி. இவரோடதுன்னா அது அரசாங்கம். அரசாங்கமாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் ரத்து செய்துவிடுங்கள். பாட்டு அத்தானுடையதுதான். உங்கள் குறிப்பும் சரிதான்.

அக்கா குளிக்கப் போயிருக்கிறாள். மேலே எழுதிய எதையும் நான் அடிக்கவில்லை. உறையில் உங்கள் முகவரியை எழுதிவிட்டேன்.