மீசை கேட்ட போன்

புது போன் வாங்கியவனின் வாயை ஒரு மாதத்துக்காவது தைத்துவிட வேண்டும். எனக்கு யாரும் தைக்கவில்லை. அதனால் பார்த்தவர்களிடமெல்லாம், "பர்ஸு எதுக்குங்க? போனை மெஷின் மேல காட்டுனா போதும், காசு போயிடும். திருடன் தூக்கிட்டுப் போனாலும் என் மூஞ்சி இல்லாம தொறக்காது" என்று அளந்துகொண்டிருந்தேன்.

(விரல் ரேகை வைத்திருக்கலாமே என்பீர்கள். விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனி வேலை. களிமண்ணைத் தேய்த்துத் தேய்த்து என் ரேகையெல்லாம் போன இடம் தெரியவில்லை. ரேஷன் கடை மெஷினே என்னை மனுஷனாக மதிப்பதில்லை.) அதனால்தான் முகம். அதையும் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில், தலையில் கட்டிய துண்டோடும் முறுக்கிய மீசையோடும் பதிந்து வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா மகள் கயலுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் நான். என் மடியில் உட்கார வைத்து, நான் வாங்கிய கம்மலைத்தான் போட வேண்டும். அது தவறினால் சொந்தக்காரர்கள் நடுவில் ஆயுசுக்கும் தலைநிமிர முடியாது. கம்மலை முதல் நாளே கடையில் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். பணத்தை மட்டும் கட்டவில்லை. அக்கா வீட்டுக்காரரின் அண்ணன், ஸ்ரீமுஷ்ணத்து மாமா, "போன்ல காசு குடுக்கறதெல்லாம் ஒரு வேலையா மாப்ள?" என்று கிண்டலடித்திருந்தார். அவர் கண்ணெதிரே காட்டியே தீருவது என்று ஒரு வீம்பு.

காலையில் கொளஞ்சியப்பர் கோயிலில் கயலுக்கு மொட்டை. அக்காவுக்குத் திடீரென்று ஞானோதயம். "டேய் தம்பி, உனக்கு வேலை கெடைச்சா மொட்டை போடறதா வேண்டிக்கிட்டேன்டா. மறந்தே போயிட்டேன். இன்னிக்கே முடிச்சிடு, உக்காரு!" உட்கார்ந்தேன். தலைமுடியோடு மீசையும் போனது.

அக்கா குடும்பம் மண்டபத்துக்குப் போக, நானும் என் மனைவி செல்வியும் மாமாவும் நகைக்கடைக்குப் போனோம். பர்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவன், போனை எடுத்து ஸ்டைலாக நீட்டினேன். அது என்னைப் பார்த்தது. தெரியாது என்றது. சிரித்துக் காட்டினேன். தெரியாது. மண்டையிலிருந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டுக் காட்டினேன். ம்ஹூம். ரகசிய எண்ணா? செல்விக்குக்கூடத் தெரியக்கூடாது என்று முந்தின நாள்தான் மாற்றினேன். எனக்கும் தெரியவில்லை. முகம் காட்ட இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் என்று போன் எச்சரித்தது.

செல்வியின் போனில் அக்கா கத்தினாள். "எங்கடி இருக்கீங்க? ஆசாரி வந்துட்டாரு. நல்ல நேரம் முடியப்போவுது!"

மாமா இடுப்பில் கைவிட்டார். "நவுருங்க மாப்ள, நான் குடுக்கறேன். கொழந்த காதுல ஏறுனா சரி." நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கயல் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவன் நான். அவளுக்கு இன்னொருத்தர் கம்மல் வாங்குவதா? அழுகையே வந்துவிட்டது.

செல்வி என் முகத்தையே பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து கண்மை டப்பாவை எடுத்தாள்.

"என்னா செல்வி பண்றே?"

"ஆடாதீங்க. மீசை கோணிக்கும்."

வரைந்து முடித்து, மாமாவின் தோள்துண்டை உருவி என் தலையில் கட்டினாள். கடைப் பெண்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முருகா என்று போனைத் தூக்கினேன்.

திறந்துகொண்டது! மெஷின் மேல் காட்டினேன். கீய்ங்! கார்டின் பின் நம்பரைக் கேட்டது. அது கல்யாணத்துக்கு முன்னாலிருந்து மாற்றாத நம்பர், தூக்கத்திலும் சொல்வேன். நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் திருடன் என்று ஓடிவந்தார்.

மாமா விடவில்லை. "இருங்க மாப்ள. மை தடவுனா தொறக்குதுன்னா, நான் தடவுனாலும் தொறக்கும்ல? இதான் உங்க பாதுகாப்பா?"

நியாயமான கேள்வி. "அவருக்கும் வரை செல்வி!" என்றேன். மழமழவென்று சவரம் செய்த முகத்தில் என்னைவிட அழகான மீசை. துண்டையும் கட்டிவிட்டோம். போன் அவரைப் பார்த்தது. தெரியாது என்றது. முறைத்தார், கெஞ்சினார். மசியவில்லை.

"கெட்டிக்காரப் போனுதான் மாப்ள" என்று மாமாவே ஒப்புக்கொண்டார். உலகக் கோப்பையை என் கையில் கொடுத்திருந்தாலும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

மீசையைத் துடைக்க நேரமில்லை. அப்படியே மண்டபத்துக்கு ஓடினோம். ஊசியைப் பார்த்து ஊரைக் கூட்ட வேண்டிய கயல், என் முகத்தையும் மாமா முகத்தையும் மாறி மாறிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே ஆசாரி ரெண்டு காதையும் குத்தி, என் கம்மலைப் போட்டுவிட்டார். காதுகுத்தில் அழாத பிள்ளை எங்கள் வம்சத்தில் அவள் ஒருத்திதான்.

அந்தக் காதுகுத்து ஆல்பம் முழுக்க மை மீசையோடு நாங்கள் ரெண்டு பேர். கயல் இப்போது ஸ்கூல் போகிறாள். எந்த விசேஷத்துக்கு நான் சீர்த்தட்டோடு நுழைந்தாலும் வாசலிலேயே மறித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகக் கேட்கிறாள்:

"மாமா, மை டப்பா எடுத்தாந்தியா?"